பீட்டர்ராஜ் எதையும் ஆரம்பிக்காத காலம்

மாதா கோயில் தெருவில் யாராவது புது வீடு கட்டினால், பால்காய்ச்சுக்கு வருகிறவர்கள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது பீட்டர்ராஜோட எந்த நட்டத்துல கட்டுன வீடு?" என்று கேட்பார்கள். வீட்டுக்காரர் கோபப்பட மாட்டார். கொட்டகை, வலை, கூண்டு என்று எதையாவது சொல்லிவிட்டுப் பாயசம் ஊற்றப் போய்விடுவார். பீட்டர்ராஜும் அதே பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருப்பார். அவருக்கும் கோபம் வராது. அதுதான் அந்த மனிதரிடம் இருந்த பெரிய கோளாறு.

காமயகவுண்டன்பட்டி என்று முழுப் பெயரையும் சொன்னால் பஸ் கண்டக்டருக்கே மூச்சு வாங்கும். கே.கே.பட்டி என்றால்தான் டிக்கெட் கிழிப்பார். அந்த ஊரில் பீட்டர்ராஜுக்கு அப்பா விட்டுப்போன திராட்சைத் தோட்டம் ஒன்று. பன்னீர் திராட்சை. பந்தலைப் பார்த்துக்கொண்டு, காலத்தில் கவாத்து வெட்டி, மருந்தடித்து, பழத்தைப் பறித்துக் கொடுத்தால் சோற்றுக்குக் குறைவில்லை. மனைவி ஜெசிந்தா நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரே மகள் இவாஞ்சலின் மதுரையில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறாள். வேறொருவருக்கு இப்படி அமைந்திருந்தால் கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பார். பீட்டர்ராஜுக்கும் படுத்தால் தூக்கம் வரும், அதுவும் அருமையான தூக்கம். எழுந்தால்தான் வினை. எழுந்து முகம் கழுவி, காபியைக் கையில் வாங்கி, "ஒண்ணு செஞ்சா என்ன?" என்பார். அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் ஜெசிந்தா அடுப்பை அணைத்துவிடுவாள்.

முதலில் காடை. கல்யாணமான புதிதில் வரிசை வரிசையாகக் கம்பிக் கூண்டு அடித்துக் காடை வளர்த்தார். ஒரு ஐப்பசி மழையில் பாதி செத்தது. மீதியைக் கீரிப்பிள்ளை பார்த்துக்கொண்டது. கூண்டுகள் மட்டும் புதுக்கருக்கு மாறாமல் நின்றன. அப்போதுதான் பக்கத்துத் தோட்டத்து நல்லகண்ணு வேலிப் பக்கம் வந்து தொண்டையைச் செருமினார்.

நல்லகண்ணுவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவர் வாழ்க்கையில் எதையும் ஆரம்பித்தவர் இல்லை. பள்ளிக்கூடத்திலேயே ஒரு மாதம் கழித்துத்தான் சேர்ந்தார், முதலில் போன பிள்ளைகள் முழுசாகத் திரும்பி வருகிறார்களா என்று பார்த்துவிட்டு. பீட்டர்ராஜும் அவரும் அந்தப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதம். மதம் வேறு, சாதி வேறு என்றாலும் ஒருவருக்கொருவர் மாப்பிள்ளை முறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள்.

"மாப்ள, இந்தக் கூண்டு சும்மாத்தான கெடக்கு?" என்றார் நல்லகண்ணு.

"சும்மாத்தான் கெடக்கு. தூக்கிட்டுப் போ."

நல்லகண்ணுவின் மனைவி மொக்கம்மாள் அந்தக் கூண்டுகளில் நாட்டுக்கோழி விட்டார். கம்பத்தில் பாதிக் கடைகளுக்கு இன்றைக்கும் நாட்டுக்கோழி முட்டை மொக்கம்மாளிடமிருந்துதான் போகிறது.

பிறகு வெனிலாக் காலம் வந்தது. பீட்டர்ராஜ் கம்பம்மெட்டு ஏறி அந்தப் பக்கம் போய், "சேட்டா, சேட்டா" என்று இரண்டு நாள் மலையாளம் பேசிக் கொடி வாங்கி வந்தார். நிழலுக்குப் பச்சை வலை கட்டினார். வெனிலாப் பூவுக்குத் தானாகச் சூல் பிடிக்கத் தெரியாது. விடிகாலையில் ஈர்க்குச்சியோடு போய் ஒவ்வொரு பூவையும் தொட்டுச் சேர்த்துவைக்க வேண்டும். வேலியில் நின்று இதைப் பார்த்த மொக்கம்மாள், "இம்புட்டுக் கல்யாணம் பண்ணி வைக்கிறாரே, ஒரு வீட்லயாச்சும் மொய் வருமா?" என்று கேட்டார். வரவில்லை. காய் முற்றி மணக்க ஆரம்பித்தபோது விலை பாதாளத்தில் கிடந்தது. நல்லகண்ணு தொண்டையைச் செருமினார். அந்தப் பச்சை வலைக்குக் கீழேதான் இன்றைக்கு 'நல்லகண்ணு நாற்றுப் பண்ணை' நடக்கிறது. தக்காளி நாற்று வாங்க மயிலாடும்பாறையிலிருந்துகூட ஆள் வருகிறார்கள்.

ஈமுவைப் பற்றித் தெருவில் இன்னும் பேசுகிறார்கள். அது ஓடுவதற்கென்றே பிறந்த பறவை என்பதை விற்றவர்கள் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்று வேலியைத் தாண்டியது. பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு பீட்டர்ராஜ் மொபெட்டில் துரத்தினார். அது நேராகப் போய் டவுன் பஸ் நிற்கும் இடத்தில் நின்றது. பஸ் வந்ததும் ஏறப் பார்த்தது. கண்டக்டர் படியில் நின்று இரண்டு கையையும் விரித்து, "கோழிக்கு லக்கேஜ் போடணும், ஆளு யாருய்யா?" என்று கத்தினார். பீட்டர்ராஜ் கையைத் தூக்கினார். ஈமுக்கள் போன பிறகு மிச்சமிருந்த தகரக் கொட்டகை முத்துப்பாண்டி என்கிற இளந்தாரியின் வெல்டிங் பட்டறை ஆயிற்று.

ஐஸ் ஆலைக்காக மின்வாரிய ஆபீசுக்கு நடையாய் நடந்து தெருவுக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் கொண்டுவந்ததும் அவர்தான். அது வந்து சேர்வதற்குள் ஆலைக்கு இருந்த பணம் கரைந்துவிட்டது. அந்த மின்சாரத்தில் அதே தெரு ஒச்சாண்டி மாவு மில் போட்டார். டிரான்ஸ்பார்மர் பீட்டர்ராஜ் வீட்டு வாசலில் நிற்பதால், அவருக்கு அதன் உறுமல் மட்டும் கிடைத்தது.

இவாஞ்சலின் கல்லூரி வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் போன் செய்தாள்.

"அப்பா, எங்க பாடத்துல ஒரு கேள்வி வருது. சாதிச்சே தீரணும்ங்கிற வெறி ஒரு ஊரு சனங்ககிட்ட இருந்தா, அந்த ஊரு பொருளாதாரம் வளருமா வளராதா? வளரும்னு ஒரு கட்சி, அதெல்லாம் சும்மான்னு ஒரு கட்சி."

பீட்டர்ராஜ் உற்சாகமாகிவிட்டார். "நீ என்ன தாயி நினைக்கிற? நம்ம தெரு வளந்துச்சா இல்லையா?"

"தெரு வளந்துச்சுப்பா. நம்ம வீடுதான் வளரல."

அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். அன்றைக்குத் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம், "மதுரையில நம்ம தெருவப் பத்திப் பாடம் நடத்துறாக" என்று சொல்லிக்கொண்டு போனார். ஜெசிந்தா பேப்பர் கட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அவள் ராத்திரியில் வெகுநேரம் பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவள். முன்னறையில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கணக்கு டீச்சர் வேலை என்றால் சும்மாவா என்று பீட்டர்ராஜ் பரிதாபப்பட்டுக்கொண்டே தூங்கிவிடுவார்.

எல்லாவற்றுக்கும் முற்றுப்புள்ளி வைத்தது திராட்சை ரசம். பழம் விலை தரை தட்டிய வருசம் அது. அழுகவிடுவானேன், பிழிந்து பாட்டிலில் அடைத்துவிடலாம் என்று பீட்டர்ராஜ் தீர்மானித்தார். காய்ச்சினால் மணம் போய்விடும் என்று யாரும் சொல்லாமல் அவரே கண்டுபிடித்து, காய்ச்சாமல் சர்க்கரை போட்டு இறுக்கி மூடினார். குளிர்ச்சியான இடம் வேண்டும் என்று பங்குச் சாமியாரிடம் கேட்டு, கோயிலின் பக்கத்து அறையில் பெட்டி பெட்டியாக அடுக்கினார். கனத்த பழைய சுவர், வெயிலே படாது. ஆனால் கோயிலுக்கு வெளியே மாதா திருவிழாவுக்குப் போட்ட கொட்டகை அந்த அறையின் ஒரே சன்னலை மறைத்துவிட்டது. அடைத்த அறையில் காற்றே இல்லை. உள்ளே ரசம் நுரைக்க ஆரம்பித்தது யாருக்கும் தெரியாது.

அந்த ஊர்த் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலப் பூசை முடிந்ததும் வேட்டுக்காரர் ஒரு வேட்டுப் போடுவார். சத்தம் கேட்டதும் பேண்டு செட்காரர்கள் அடிக்க ஆரம்பிக்க வேண்டும், சப்பரம் தூக்குகிறவர்கள் தோள் கொடுத்துக் கிளம்பிவிட வேண்டும். ஏன், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. வேட்டு விழுந்தால் மாதா கிளம்பிவிடுவார்.

வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் பொறுமையைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். முதல் பாட்டில் வெடித்தது. வெளியே கண்ணயர்ந்திருந்த பேண்டு மாஸ்டர் துள்ளி எழுந்து குழலை வாயில் வைத்தார். சப்பரம் எழும்பியது. உள்ளே இருந்த சனம், மாதா நம்மை விட்டுவிட்டுப் போகிறாரே என்று பதறி எழுந்து ஓடியது. பிரசங்கியாரும், முழங்கால் வலியால் எழுந்திருக்க முடியாத நாலைந்து பேரும்தான் மிஞ்சினார்கள். அதற்குப் பிறகு பாட்டில்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் முறைக்கு வெடித்தன. பக்கத்து அறைக் கதவுக்குக் கீழே செக்கச்செவேலென்று ஒரு ஓடை வந்தது. இரண்டு பேர் முழந்தாள் போட்டுச் சிலுவை வரைந்தார்கள். கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "புளிச்சிருச்சு" என்றார்.

சப்பரம் ஊரைச் சுற்றி வந்த பிறகுதான் மிச்சப் பூசை நடந்தது. பூசை முடிந்ததும் வேட்டுக்காரர் தன் கடமையைச் செய்தார். தூக்குகிறவர்களும் தங்கள் கடமையைச் செய்தார்கள். அந்த வருசம் மாதா இரண்டு தடவை பவனி போனார். தப்பிப் பிழைத்த பாட்டில்களை மொக்கம்மாள் கழுவி, மலைத்தேன் அடைத்து விற்றார்.

ஜெசிந்தா திட்டவில்லை. பேசவும் இல்லை. சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. முன்பெல்லாம் நட்டம் வந்தால் ஒரு மூச்சு அழுதுவிட்டு அடுத்த நாள் சிரித்துவிடுவாள். இந்த அமைதி பீட்டர்ராஜுக்குப் பயமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை அவளே வந்து, "வாங்க" என்று அவர் கையைப் பிடித்து கோயில் வாசலில் மாதா சொரூபம் வைத்திருக்கும் கெபிக்குக் கூட்டிப் போனாள். பீட்டர்ராஜ் மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, அவள் கேட்காமலேயே சத்தமாகச் சொன்னார்: "மாதாவே, இனிமே சாகுற வரைக்கும் நான் எந்தத் தொழிலும் ஆரம்பிக்க மாட்டேன்."

"ஆமென்" என்றாள் ஜெசிந்தா. திரும்பும் வழியில் மகளின் கல்யாணப் பேச்சை எடுத்தாள். பேச்சு வந்துவிட்டது.

நேர்ச்சையை அவர் மீறவில்லை. அதில் சந்தேகப்பட்டால் பாவம். ஆனால் மனிதர் பட்ட பாடு இருக்கிறதே! டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். திடீரென்று கண் விரியும், "ஒண்ணு செஞ்சா..." என்று வாய் திறக்கும், உடனே சட்டைப் பையில் இருக்கும் செபமாலையைத் தொட்டுவிட்டு வடையைக் கடிப்பார். ஆரம்பிக்க வேறொன்றும் இல்லாமல் வீட்டில் அரிசிப் பானையையும் பருப்பு டப்பாவையும் இடம் மாற்றி வைத்தார். ஜெசிந்தா மறுபடியும் மாற்றி வைத்தாள். முன்னறையில் இப்போதெல்லாம் விளக்கு சீக்கிரமே அணைந்துவிடுகிறது. அரசாங்கம் பரீட்சையைக் குறைத்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் தெரு படுத்துவிட்டது. பீட்டர்ராஜ் என்ன ஆரம்பிக்கிறார் என்று பார்ப்பது, அது கவிழும்வரை காத்திருப்பது, கவிழ்ந்ததும் எது மிஞ்சுகிறது என்று எட்டிப் பார்ப்பது. முப்பது வருசமாக இதுதான் அந்தத் தெருவின் தொழில் கல்வி. இப்போது பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. நல்லகண்ணுவின் மகன் அருண்பாண்டி படிப்பை முடித்துவிட்டு வந்து, "அப்பா, நான் என்ன தொழில் பண்ணட்டும்?" என்று கேட்டான். "பொறுடா, பீட்டர் மாமா எதையாச்சும் ஆரம்பிக்கட்டும்" என்றார் நல்லகண்ணு. பையன் மூன்று வருசமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறான்.

தாங்க முடியாமல் நல்லகண்ணு பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனார்.

"சாமி, எங்க பீட்டர் மாப்ளயோட நேர்ச்சையக் கொஞ்சம் தளத்தி விடணும்."

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். "நேந்துக்கிட்டது அவரு. உங்களுக்கு என்னய்யா வந்துச்சு?"

"நேந்துக்கிட்டது அவரு சாமி, பட்டினி கெடக்கிறது நாங்கள்ல."

சம்சாரத்தின் நிம்மதிக்காகச் செய்த நேர்ச்சை அது, அந்தம்மா மனசு வைக்காமல் தான் கை வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார் சாமியார். மொக்கம்மாள் வேறு வழியில் முயன்றார். குச்சனூருக்குப் போய்ச் சனீஸ்வரனுக்கு எள் விளக்குப் போட்டு, பீட்டர்ராஜ் பேரில் அர்ச்சனை கேட்டார். பூசாரி ராசி, நட்சத்திரம் கேட்டார். "அவுக வேதக்காரவுக, அதெல்லாம் இருக்காது. பொதுவா ஒரு நல்ல நட்சத்திரமாப் போட்டுச் சொல்லுங்க" என்றார் மொக்கம்மாள். பூசாரி தன்னுடைய நட்சத்திரத்தைச் சொல்லி அர்ச்சித்தார். அந்த மாதம் பூசாரி ஒரு ஆட்டோ வாங்கி ஓட விட்டதாகக் கேள்வி.

கடைசியில் நல்லகண்ணு, முத்துப்பாண்டி, ஒச்சாண்டி மூன்று பேரும் குளித்து, வேட்டி மாற்றி, ஒரு விடுமுறை நாளில் ஜெசிந்தாவைப் பார்க்க வந்தார்கள். பீட்டர்ராஜ் பின்கட்டில் மருந்தடிக்கிற ஸ்பிரேயரைக் கழுவிக்கொண்டிருந்தார். யார் குரல் என்று தெரிந்ததும் குழாயைத் திறந்தபடி விட்டுவிட்டு, கதவுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். நெஞ்சு அடித்துக்கொண்டது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட இப்படி அடிக்கவில்லை.

ஜெசிந்தா காபி கொடுத்தாள்.

"தங்கச்சி, மாப்ளய விட்டுரு" என்றார் நல்லகண்ணு.

"நான் எங்கண்ணே பிடிச்சு வச்சிருக்கேன்? பின்னால ஸ்பிரேயர் கழுவுறாரு."

"அதில்லத்தா. அவரு எதையாச்சும் ஆரம்பிச்சாத்தான் நாங்க பொழைக்க முடியும். மூணு வருசமாத் தெருவுல ஒரு போர்டு புதுசா வரல."

"அவரு ஆரம்பிச்சா உங்களுக்கு என்ன வரும்னு எனக்குத் தெரியும். கவுந்தா உங்களுக்கு என்ன போகும்?"

ஒச்சாண்டி கள்ளங்கபடம் இல்லாத மனிதர். "எங்களுக்கு என்ன டீச்சர் போகும்? ஒண்ணும் போகாது" என்றார். முத்துப்பாண்டி அவர் தொடையைக் கிள்ளினான்.

"அதத்தான் கேட்டேன்" என்றாள் ஜெசிந்தா. "சரி, நேர்ச்சையத் தளத்தவும் வேணாம், மீறவும் வேணாம். அவரு ஆரம்பிக்க மாட்டேன்னுதான் மாதாகிட்டச் சொன்னாரு. கூலிக்குப் போக மாட்டேன்னு சொல்லல. உங்க மூணு பேருல ஒருத்தர் ஆரம்பிங்க. உங்க பேருல, உங்க பொறுப்புல. இவரு காலையில வந்து வேலை பாத்துட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவாரு. லாபம் வந்தாலும் உங்களுக்கு, கவுந்தாலும் உங்களுக்கு."

முத்துப்பாண்டிக்குப் பட்டறையில் ஒரு கேட்டைப் பாதியில் விட்டு வந்தது ஞாபகம் வந்தது. ஒச்சாண்டிக்கு மில்லில் மிளகாய் கிடப்பது ஞாபகம் வந்தது. இருவரும் காபியை ஒரே மடக்கில் குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு கிளம்பினார்கள். நல்லகண்ணு காபியை ஆற விட்டுத்தான் குடிப்பார். எதிலும் முந்தாத அந்தப் பழக்கத்தால் தனியாக மாட்டிக்கொண்டார்.

"நானா தங்கச்சி? நான் எப்ப எதை ஆரம்பிச்சிருக்கேன்?"

"அதுக்குத்தான் சொல்றேன்."

நல்லகண்ணு டம்ளரைப் பார்த்தார். மகனை நினைத்தார். அந்த நேரம் பார்த்துப் பின்கட்டுத் தண்ணீர் நிறைந்து நடைக்கு வந்துவிட்டது. கூடவே பீட்டர்ராஜும் ஈரக் கையோடு வந்து நின்றார். மூன்று வருசத்தில் மனிதர் எப்படி வாடிப்போயிருக்கிறார் என்று நல்லகண்ணுவுக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. கூண்டு, வலை, அவற்றால் வந்த நாற்றங்கால், மாடி வீடு எல்லாம் இந்த ஆளிடமிருந்து தொண்டையைச் செருமியே வாங்கியது. வெட்கமாகப் போய்விட்டது.

"சரி மாப்ள, என்னதான்யா பண்ணலாம்? சொல்லித் தொலை" என்றார்.

பீட்டர்ராஜ் மனைவியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். மூன்று வருசமாக அடைத்து வைத்திருந்தது மடை திறந்துவிட்டது. அதே திராட்சை ரசம்தான். ஆனால் இந்தத் தடவை காய்ச்சி, பாட்டிலையும் கொதிக்க வைத்து, இளஞ்சூட்டில் மூடி, தோட்டத்து ஷெட்டிலேயே வைப்பது. கார்த்திகை பிறந்தால் குமுளி ரோட்டில் மாலை போட்ட சாமிமார் வண்டி வண்டியாகப் போகிறார்கள். சனிக்கிழமை குச்சனூரில் கூட்டம் நிற்க இடமில்லை. "அவுகளுக்குத் தாகம் எடுக்காதா மாப்ள?" நல்லகண்ணு எச்சில் விழுங்கினார்.

'நல்லகண்ணு பன்னீர் திராட்சை ரசம்' என்று லேபிள் ஒட்டியாயிற்று. பீட்டர்ராஜ் தூக்குவாளியோடு காலையில் வேலைக்குப் போனார். பழம் பிழிந்தார், காய்ச்சினார், மற்றவர்களை விரட்டினார், சினிமாப் பாட்டுப் பாடினார். சாயங்காலம் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுத் தூங்கினார். இத்தனை சுகமான தொழிலை அவர் தன் சொந்தப் பேரில் செய்ததே இல்லை.

முதலாளி பாடு வேறாக இருந்தது. நல்லகண்ணு இளைத்தார். பாட்டில் வரிசைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றின் மூடியையும் காய்ச்சல் பார்ப்பது போலத் தொட்டுப் பார்த்தார். ரோட்டில் லாரி டயர் வெடித்தால் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். தீபாவளி அன்றைக்கு அவரை அறைக்குள் வைத்துப் பூட்டி, மொக்கம்மாள் வெளியே காவல் இருக்க வேண்டியதாயிற்று. ஒரு பாட்டிலும் வெடிக்கவில்லை. கார்த்திகை முதல் வாரமே சாமிமார் பெட்டிக் கணக்கில் வாங்கிக் குடித்துவிட்டு, "சாமி, நல்லாருக்கு சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அருண்பாண்டி கம்பத்தில் கடை பார்க்க அலைந்துகொண்டிருந்தான். அப்போதும் நல்லகண்ணு முகம் தெளியவில்லை.

ஒரு நாள் காலையில் ஜெசிந்தா பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருக்கும்போது அவர் வந்தார். கண் இரண்டும் கோவைப்பழம்.

"மாப்ள, உண்மையச் சொல்லு. முப்பது வருசமா நீயும் இப்படித்தான் ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழிச்சுக் கெடந்தியா? எனக்குப் படுத்தாப் பாட்டில்தான் தெரியுது. எப்படிய்யா தாங்குன?"

பீட்டர்ராஜ் யோசித்துப் பார்த்தார். காடை செத்த ராத்திரி. வெனிலா விலை விழுந்த ராத்திரி. ஈமு ஓடிய ராத்திரி. பொய் சொல்ல மனசு வரவில்லை.

"இல்ல மாப்ள. நான் நல்லாத்தான் தூங்குனேன்."

"நெசமாவா? அம்புட்டு நட்டத்துலயுமா? அப்ப எனக்கு மட்டும் ஏன்யா வரல?"

ஜெசிந்தா செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "அண்ணே, மதினி எப்படித் தூங்குறாக?"

"அவளா? அவளுக்கென்ன, குறட்டை விட்டுத் தூங்குறா."

"அப்பச் சரியாத்தான் இருக்கு. ஒரு வீட்டுல ஒருத்தர் முழிச்சிருந்தாப் போதும்ணே. இங்கன இவரு தூங்குனாரு, இவருக்கும் சேத்து நான் முழிச்சிருந்தேன்."

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். நல்லகண்ணு கையெடுத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பாட்டிலைப் பார்க்க ஓடினார்.

பீட்டர்ராஜ் வாசலிலேயே நின்றார். அந்த விளக்கு ஞாபகம் வந்தது. கணக்குப் பரீட்சை வருசத்துக்கு எத்தனை தடவை நடக்கும் என்று ஒரு நாளாவது கேட்டோமா என்று நினைத்தார். இவாஞ்சலின் புத்தகத்தில், ஊர் வளர்வதற்கு வெறி பிடித்தவன் ஒருத்தன் வேண்டும் என்று எழுதியிருக்கிறதே, அவன் வீட்டில் முழித்திருந்தவளைப் பற்றி ஒரு வரியாவது இருக்குமா என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை. வேகமாகப் போய் ஜெசிந்தாவின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கூட நடந்தார்.

"என்னங்க, வேலைக்கு நேரமாகலையா? முதலாளி வைவாரு."

"வையட்டும்" என்றார்.

அன்றைக்கு வீட்டில் விளக்கை அணைத்த பிறகு, பீட்டர்ராஜுக்குத் தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தூக்கம் வரவில்லை. பக்கத்தில் ஜெசிந்தா குறட்டை விட்டுத் தூங்கினாள்.